கரடிக் குரல்காரரின் முகம்

வயதில் மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. கனடாவுக்கு வந்தும் அது மாறவில்லை. வேலை செய்த இடத்தில் நேற்று வந்த பெடியன்கூட முதலாளியைப் பெயர் சொல்லி அழைப்பான். நான் மட்டும் எதிரில் போய் நின்று தொண்டையைச் செருமுவேன். அதனால் கூடத்துக்கு வந்த அந்தக் கரடிக் குரல்காரரையும் முதல் வாரத்திலிருந்தே "அண்ணை" என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போதும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்கு அடுத்த வருடம் நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தோம். நகரின் கிழக்குப் பக்கம், வோபர்னில் ஓர் அப்பார்ட்மென்ற் கட்டடத்தின் நடு மாடியில் வீடு. கணவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. மகளைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் விட்டுவிட்டு, பஸ்ஸும் சப்வேயுமாக மாறி, நகர மையத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நான் வேலைக்குப் போய் வந்தேன். கதவு திறப்பது, தொலைபேசி எடுப்பது, தேநீர் ஊற்றுவது எல்லாம் என் பொறுப்பு. என்னுடைய ஆங்கிலம் கொன்வென்ற் ஆங்கிலம். அது தொலைபேசியில் மிக மரியாதையாகக் கேட்கிறது என்று சொல்லித்தான் என்னை வரவேற்பு மேசையில் இருத்தினார்கள். ஊரில் அதே ஆங்கிலத்தைப் பேசினால் எடுப்புக் காட்டுகிறாள் என்பார்கள்.

அந்தக் கூடத்தில் சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுப்பார்கள். வயது போனவர்கள், கோட்டும் தொப்பியுமாக வருவார்கள். உள்ளே போய் அணிலாகவும் சூனியக்காரியாகவும் கத்திவிட்டு, மறுபடியும் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் பிடிக்கப் போவார்கள். முதல் மாதம் எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரிய வேலையாக இருந்தது.

அண்ணை வந்த அன்று மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு நிலையில் தலை முட்டுகிற உயரம், கறுத்த தடித்த மனிதர், நரைத்த மீசை. ஒலிப்பதிவு அறை வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தொழில் செய்கிற இடத்தைக் கோயிலாக மதிக்கிற ஒரு மனிதரை இந்த ஊரில் கண்டுவிட்டேன் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் அதை அவரிடமே சொன்னேன்.

"இல்லையம்மா, இந்தச் சப்பாத்து கத்தும். மைக் அதைப் பிடித்துவிடும்" என்றார்.

ஆனாலும் நான் சொன்னது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு சப்பாத்தைக் கழற்றும்போதெல்லாம் என் பக்கம் பார்த்துச் சும்மா ஒரு கும்பிடு போடுவார். என்னைக் கேலி செய்கிறார் என்று தெரிந்தும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அன்றைக்குத் தகரத்தில் அடைத்து வருகிற ரின்பால் விட்டு, சீனி தூக்கலாக, எங்கள் தேநீர் ஒன்று போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "இது வேலை முடிந்த பிறகு" என்றார். பால் தொண்டையில் படிந்தால் குரல் வழுக்குமாம். ஆகவே வேலைக்கு முன் வெறுந்தேநீர், முடிந்த பின் ரின்பால் தேநீர் என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. தேநீரைக் குடித்தபடியே அவர் தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார்.

பிறந்தது கனடாவின் கிழக்குக் கரையில், கடற்கரைப் பட்டினம் ஒன்றில். தகப்பன் ரயிலில் படுக்கைப் பெட்டிகளுக்குப் பொறுப்பான சுமைகாரர். பயணிகளின் பெட்டி தூக்கி, படுக்கை விரித்து, சப்பாத்துத் துடைத்து, ஊருக்கு ஊர் போய் வந்த மனிதர். அந்த வேலைக்கு நின்ற கறுப்பர் எல்லாரையும் பயணிகள் ஒரே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். பெட்டியை நீட்டுவார்களே தவிர முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. "என் அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது கண்ணாடி மட்டும்தான்" என்று அண்ணை சொன்னார்.

இளவயதில் ரொறன்ரோவுக்கு வந்து, தொலைக்காட்சி புதிதாகத் தொடங்கிய காலத்தில் நாடகங்களில் நுழைந்திருக்கிறார். இந்த நாட்டுத் தொலைக்காட்சி நாடகத்தில் வாய் திறந்து பேசிய முதல் கறுப்பர்களில் அவரும் ஒருவர் என்று கூடத்தில் எல்லாரும் சொல்வார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். எழுந்து நின்று, முதுகை வளைத்து, "வண்டி தயாராக இருக்கிறது, ஐயா" என்று சொல்லிக் காட்டினார். அவ்வளவுதான் முழு வசனமும். அதற்காக ஒரு கிழமை ஒத்திகை பார்த்தாராம்.

வானொலியில்தான் அவர் ராஜாவாக இருந்தார். நீதிபதி, கப்பல் தலைவன், மலைநாட்டுப் பிரபு என்று வராத வேஷம் இல்லை. முகம் வெளியே தெரியாத வரைக்கும் எதற்கும் அவரைக் கூப்பிட்டார்கள். பிறகு சூப் விளம்பரம், பிறகு கார்ட்டூன். சனிக்கிழமைக் காலையில் வருகிற ஒரு பெரிய சோம்பேறிக் கரடிக்கு அவர்தான் குரல். என் மகளுக்கு அந்தக் கரடி என்றால் உயிர். உந்தக் கரடிக்கு அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறவ என்று நான் சொன்னபோது, அவள் என்னைப் பொய்காரி என்றாள்.

திரையில் முகம் காட்டக் கூப்பிட்டால் எப்போதும் திருடன் வேஷம்தான். அந்த நாட்களில் ரொறன்ரோத் தெருவில் கொஞ்சம் குப்பையைக் கொட்டி, மஞ்சள் ரக்சி இரண்டை நிறுத்திவிட்டு, நியூயோர்க் என்று படம் எடுப்பார்கள். விளம்பர இடைவேளைக்கு முன்னமே அண்ணையைச் சுட்டுவிடுவார்கள். "இந்த நகரத்தில் என்னைச் சுடாத தெரு எது என்று யோசித்துப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு அந்தக் கரடிச் சிரிப்பைச் சிரிப்பார். சிரிப்போடு எதையும் சொல்லிவிடுகிற மனிதர் அவர்.

ஒன்றை மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார். தகப்பன் இறந்த செய்தி வந்த அன்று அண்ணை கரடி சிரிக்கிற காட்சிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாராம். அந்தக் கிழமை பதிவு முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குப் போகவில்லை. சிரித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். எங்கள் கட்டடத்தில் ஊருக்குப் போய்க் கொள்ளி வைக்க முடியாமல் இருந்தவர்கள் மாடிக்கு மாடி இருந்தார்கள். எனக்கு அது விளங்காத கதை இல்லை.

எண்பத்தாறிலோ ஏழிலோ, ஒரு மாரிகாலத் தொடக்கத்தில், முதல் பனி விழுந்த நாட்களில், அண்ணை வந்ததும் வராததுமாக என் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். தொலைக்காட்சி நாடகம் ஒன்றில் வேஷம் கிடைத்திருக்கிறது என்றார். ரயிலில் சுமை தூக்கி ஓய்ந்த ஒரு கிழவன். மகனைப் பறிகொடுத்து, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறான். முழுதாக ஒரு பக்கத்துக்குப் பேச்சு. யாரும் அவனைச் சுடுவதில்லை. "இந்த முறை முகத்தோடு" என்றார். அவர் குரல் கொஞ்சம் நடுங்கியதை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

அதற்குப் பிறகு கரடி வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகமாட்டார். வெறுமையான அறையில் நின்று அந்தப் பேச்சைச் சொல்லிப் பார்ப்பார். நான் கோப்பை கழுவிக்கொண்டே கேட்பேன். ரின்பால் தேநீர் ஆறிப்போய்க் கிடக்கும்.

இதற்கிடையில் நாடகக் கொம்பனிக்காரருக்கு வேறொரு தட்டுப்பாடு. செத்த வீட்டுக் காட்சிக்கு அழுகிற சனம் வேண்டும். குளிருக்குள், வேலைநாளில், போதிய கறுப்பர்கள் அகப்படவில்லை. எங்கள் கூடத்துக்கு வந்த உதவியாளப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உங்கள் ஆட்கள் கொஞ்சப் பேரைக் கூட்டிவர முடியுமா, தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்றாள். எனக்கு ஏறிய சூட்டுக்கு அவளைப் படியால் உருட்டிவிட்டிருப்பேன். அண்ணைக்காக வாயை மூடிக்கொண்டு ஓம் என்றேன்.

வீட்டுக்கு வந்து அன்ரியிடம் சொன்னேன். எங்கள் கட்டடத்தில் நல்லது கெட்டது எதுவென்றாலும் முன்னுக்கு நின்று நடத்துகிறவர் அவர்தான்.

"என்ன பிள்ளை, எங்களைக் கறுப்பர் எண்டு சொல்லியே படம் எடுக்கப் போறாங்கள்?" என்றார் அன்ரி.

"ஓம் அன்ரி. அந்தக் கரடி அண்ணையின்ரை சொந்தக்காரரா இருக்க வேணும்."

"நான் பொது நிறம், கறுப்பில்லை" என்றார் அன்ரி. எங்கள் சனத்துக்கும் நிறத்தில் ஒரு தராதரம் உண்டு. அதை ஊரிலிருந்து பத்திரமாகப் பொதி கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். ஆனால் செத்த வீடு என்ற சொல் அன்ரியை உள்ளே எங்கோ பிடித்துவிட்டது. "ஆர் செத்தது?" என்று கேட்டார். மகன் என்றேன். "ஐயோ பாவம்" என்றார். மறுநாளே வோபர்னிலும் அஜின்கோர்ட்டிலும் இருந்து ஆண்களும் பெண்களுமாக ஒரு பஸ் கொள்ளத் தக்க சனத்தைத் திரட்டிவிட்டார்.

படப்பிடிப்பு ஒரு பழைய தேவாலய மண்டபத்தில். பெரிய ஜன்னல்கள், வெளியே பனி. எங்கள் ஆட்களுக்குக் கறுத்தக் கோட்டும் தொப்பியும் கொடுத்து, கதிரைகளில் வரிசையாக இருத்தினார்கள். தொப்பி போட்ட அன்ரியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முறைத்தார். நான் நடிக்கவில்லை. தேநீர் கொடுக்க என்று போயிருந்தேன்.

"பெட்டிக்குள்ளை ஆர் பிள்ளை?" என்று அன்ரி என் காதுக்குள் கேட்டார்.

"ஆரும் இல்லை அன்ரி. மண் மூட்டை."

"ஆரும் இல்லாட்டியும் பெட்டி பெட்டிதானே" என்றார் அவர்.

கமரா ஓடத் தொடங்கியதும் அன்ரி வாய்விட்டு அழுதார். நடிப்பு இல்லை. அவருடைய தம்பி ஊரில் செத்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. போக வழியில்லாமல், தொலைபேசியைப் பிடித்தபடி இங்கே இருந்தவர். அவரைப் பார்த்து அடுத்த கதிரை, அதைப் பார்த்து அடுத்த வரிசை. மீசை வைத்த ஆண்கள் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். எல்லாரும் தங்கள் தங்கள் ஆட்களுக்காக அந்த மண் மூட்டையிடம் அழுதார்கள். எனக்கும் தாங்கவில்லை. இயக்குநர் முதலில் கையைத் தட்டினார். பிறகு உதவியாளப் பெண்ணை அனுப்பி, கொஞ்சம் குறைத்து அழச் சொன்னார். அதை மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இதனாலேயே நேரம் இழுபட்டுப் போயிற்று. மாரியில் நாலு மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். அடுத்த நாள் மண்டபம் வேறு யாருக்கோ. இயக்குநர் அண்ணையிடம் வந்து தோளில் கை போட்டார். பேச்சை முதுகுப் பக்கமாக எடுத்துவிடுவோம், உங்கள் தோளுக்கு மேலால் அழுகிற முகங்கள் தெரியட்டும், குரலைத் திங்கட்கிழமை கூடத்தில் பதிந்துகொள்ளலாம் என்றார். "உங்கள் குரல் போதும், அது தங்கம்" என்றார்.

அண்ணை சரி என்றார். கிழவனாக்குவதற்காகத் தலைமயிரை முழுதாக வெள்ளையாக்கியிருந்தார்கள். அந்த வெள்ளைத் தலையோடு ஓரமாக ஒரு கதிரையில் போய் இருந்து, சப்பாத்தைக் கழற்றினார். குரலுக்கு மட்டும்தானே வேலை என்று அவரே முடிவு செய்துவிட்டார் போல. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல், பின்பக்கக் குசினிக்குள் போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன். ஒரு கோப்பையை உடைத்தும் விட்டேன்.

நான் அங்கே நின்ற நேரத்தில், வெளியே வெளிச்சம் இருக்கையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற காட்சியை முதலில் எடுத்திருக்கிறார்கள். நாலு பேர் பெட்டியைத் தூக்கி வாசலைக் கடந்து வண்டியில் ஏற்றினார்கள். பத்து நிமிட ஓய்வு என்று உதவியாளப் பெண் கத்தினாள். கமராக்காரரும் மற்றவர்களும் சிகரெட் பற்றவைக்கப் பின்பக்கம் போனார்கள்.

நான் திரும்பி வந்தபோது மண்டபம் முழுக்கக் கதிரைகள்தான் இருந்தன. ஓரத்தில் இருந்த அண்ணையைத் தவிர ஒருவரும் இல்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் செத்த வீட்டில் பெட்டி வாசலைத் தாண்டிவிட்டால் பெண்களுக்கு அதோடு சரி. ஆண்கள் சுடலை வரைக்கும் போவார்கள். இங்கே சுடலை ஏது? யாராக இருந்தாலும் அந்த வீட்டை விட்டு வெளிக்கிடும்போது போய்வருகிறோம் என்று சொல்லக் கூடாது. செத்த வீட்டுக்கு யார் திரும்பி வருவது? முகத்தைப் பார்க்காமல், வாய் திறக்காமல், அப்படியே நழுவிவிட வேண்டும். "எடுத்தாச்சு. சொல்லாமல் வெளிக்கிடுங்கோ" என்று அன்ரி தாழ்ந்த குரலில் சொல்லியிருப்பார். அவர் அப்படித்தான் சொன்னாராம். எல்லாரும் கொம்பனிக் கோட்டையும் தொப்பியையும் மடித்துக் கதிரைகளில் வைத்துவிட்டு, ஒருவருக்கும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் தரிப்புக்கு நடந்துவிட்டார்கள்.

உதவியாளப் பெண் பனிக்குள் ஓடிப் போய்ப் பார்த்தாள். பஸ் போய்விட்டிருந்தது.

"ஏன் போனார்கள்? கோபமா? நாங்கள் என்ன செய்தோம்?" என்று இயக்குநர் என்னிடம் கேட்டார். நான் வழக்கத்தை விளக்கினேன். கொன்வென்ற் ஆங்கிலத்தில் அது இன்னும் விசித்திரமாகக் கேட்டது.

"திரும்பி வருவார்களா?"

"இல்லை. வீட்டுக்குப் போய்த் தலை முழுகுவார்கள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. முதுகுப் பக்கமாக எடுப்பதென்றால் எதிரே முகங்கள் வேண்டும். இப்போது கமரா அங்கே பார்த்தால் வெறுங்கதிரைதான் தெரியும். கமராக்காரர் கமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் இந்தப் பக்கம் வந்து, அண்ணைக்கு நேர் எதிரே வைத்தார். "இவர் இருக்கிறாரே" என்றார்.

இயக்குநர் வெளிச்சத்தைப் பார்த்தார், கதிரைகளைப் பார்த்தார், பிறகு தலையாட்டினார்.

அண்ணை எழுந்தார். வெறுங்காலையும் பெட்டி இல்லாததையும் ஒருவரும் கவனிக்கவில்லை, கமரா நெஞ்சுக்கு மேலேதான் பார்த்தது. அவர் பேசத் தொடங்கினார். பிறத்தியாரின் பெட்டிகளை வாழ்நாளெல்லாம் தூக்கினேன், நீ களைத்து நின்றபோது உன்னைத் தூக்க நான் வீட்டில் இருக்கவில்லை என்று அந்தக் கிழவன் மகனிடம் சொல்கிறான். நூறு தரம் கேட்ட பேச்சு எனக்கு அது. ஆனால் முகத்தோடு கேட்டது அன்றுதான். குரல் ஓய்ந்த இடங்களில் முகம் பேசிக்கொண்டிருந்தது. ஒரே தரம்தான் எடுக்க முடிந்தது. முடிந்ததும் ஜன்னல் சாம்பல் நிறமாகிவிட்டது.

என் வேலை போகவில்லை. எங்கள் ஆட்கள் ஏன் போனார்கள் என்று அண்ணையிடம் சொன்னபோது அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "சொல்லாமலே போகவேண்டுமா?" என்று திரும்பவும் கேட்டு மனதில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம், ஒரு ஞாயிறு மாலை, அந்த நாடகம் தொலைக்காட்சியில் போயிற்று. அன்ரி வீட்டில் சனம் நிரம்பி வழிந்தது. நகருக்கு வெளியே விட்பியில் வீடு வாங்கிக் குடிபோனவர்கள்கூடக் காரோட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அண்ணையும் வந்தார், பழக்கதோஷத்தில் வாசலில் சப்பாத்தைக் கழற்ற, அன்ரி "பாத்தியளே, எவ்வளவு நல்ல பழக்கமுள்ள மனுசன்" என்று எல்லாருக்கும் காட்டினார். நல்ல கதிரையில் அவரை இருத்தி, இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் தட்டு நிறையப் போட்டுக் கொடுத்தார்கள்.

செத்த வீடு வந்தது. எங்கள் ஆட்கள் கண் மூடித் திறக்கும் நேரம் வந்து போனார்கள்.

"அவ்வளவு அழுதன், என்ரை மூக்கை மட்டும் காட்டுறாங்கள்" என்று அன்ரி கத்தினார்.

அப்போது திரை முழுக்க அண்ணையின் முகம் வந்தது. வெள்ளைத் தலை, நிமிர்ந்த பார்வை. அன்ரி வாயை மூடிக்கொண்டார். அறையே அடங்கியது. பேச்சு தொடங்கியதும் என் மகள் திரும்பி அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், என் சேலையை இழுத்தாள். "அம்மா, கரடி" என்றாள் மெதுவாக. அன்றைக்குத்தான் நான் பொய்காரி இல்லை என்று ஆனது.

நான் அண்ணையைப் பார்த்தேன். தட்டு மடியில் அப்படியே இருந்தது. அவர் தன்னைப் பார்ப்பதுபோல் பார்க்கவில்லை. வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்து, நாடகம் வேறு இடத்துக்குப் போனதும், தட்டை மெதுவாகக் கீழே வைத்தார், எழுந்தார், ஒருவரையும் பார்க்காமல் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"என்ன பிள்ளை, சாப்பாட்டிலை ஏதும் பிழையோ?" என்று அன்ரி பதறினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவர் லிஃப்டுக்கு முன்னால், காலுறையோடு நின்றார். முகம் நனைந்திருந்தது, ஆனால் இவ்வளவு நிம்மதியான முகத்தை அவரிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அது நான் இல்லை, என் அப்பா" என்றார். "இவ்வளவு பேர் இருந்து அவர் முகத்தைப் பார்த்தார்கள்." சப்பாத்தைக் கீழே போட்டுக் காலை நுழைத்தார். "நான் போகாத செத்த வீடு அது. இன்றைக்குப் போனேன். சொல்லிக்கொள்ளாமல்தானே வரவேண்டும்?"

ஓம் என்று தலையாட்டினேன். நானும் போய்வாருங்கள் என்று சொல்லவில்லை. லிஃப்ட் வந்தது, ஏறினார், கதவு மூடியது. வீட்டுக்குள் போய் அன்ரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அண்ணை தொடாமல் விட்டுப் போன இடியப்பத்தை அவர் எடுத்து எனக்கு ஒரு பெட்டியில் போட்டுத் தந்தார். "நாளைக்கு வேலையிலை குடு. பசியோடை போனவர்" என்றார்.

திங்கட்கிழமை காலை அண்ணை வந்தார். சப்பாத்தைக் கழற்றி, என் பக்கம் திரும்பி வழக்கமான கும்பிடைப் போட்டுவிட்டு, கரடியாகச் சிரிக்க உள்ளே போனார். நான் ரின்பாலை உடைத்து, இடியப்பப் பெட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.